தண்டவாளத்தில் யானை: ஓசூர் – தருமபுரி ரயில் பாதையோரம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரிலிருந்து ஓசூர், கெலமங்கலம், இராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தருமபுரி, ஓமலூர் வழியாகச் சேலம் போகும் பாதையை மனதில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. பாதையோரம் ராகியும் தக்காளியும் போடுகிற விவசாயிகள், கேட் கீப்பர்கள், தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேன்கள், இரவு ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், அந்த வழியே போய்வரும் பயணிகள் கேட்கிற கேள்விகள் இதில் உள்ளன. எந்தப் பதிலைத் தொட்டாலும் அது ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: யானை வருகிறது என்ற சேதி ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் ஒரு நிமிடத்தில் 1.6 கி.மீ.க்கு மேல் கடந்துவிடும். பத்து நிமிடம் தாமதமாகச் சொன்ன சேதி, பதினாறு கி.மீ. பின்தங்கிய சேதி.

எங்கள் பக்கம் யானைகள் ஏன் தண்டவாளத்தைக் கடக்கின்றன?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக நம் பக்கம் வருகின்றன. அது ராகி கதிர் பிடிக்கும் காலம். பிப்ரவரி வரை கூட்டம் கூட்டமாகப் பிரிந்து சானமாவு, ஊடேதுர்க்கம் போன்ற சிறு காப்புக்காடுகளில் பகலில் தங்கும். பொழுது சாய்ந்ததும் வயலுக்கு இறங்கும், விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பும். காடு ஒரு பக்கம், வயலும் ஏரியும் மறுபக்கம் என்றால் ஒரே இரவில் இரண்டு முறை தண்டவாளத்தைத் தாண்டியாக வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளிலிருந்து பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பக்கம் வருகிற யானைகளுக்கும் இதே நிலைதான்.

மேற்கே பெரிய காடு இருக்கிறது. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும், அதை ஒட்டிக் காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 1,190 சதுர கி.மீ. வரும். ஆனால் வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளுக்கு 150 கிலோ வரை தீனியும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். வறண்ட இலையுதிர் காட்டில் அதைத் தேடி நாள் முழுக்க நடக்க வேண்டும், ராகி வயலில் அது ஓர் இரவில் கிடைத்துவிடும். அம்மா யானை குட்டிக்குக் காட்டிக்கொடுத்த தடம் தலைமுறைக்கும் மறக்காது. அந்தத் தடத்தின் குறுக்கேதான் பாதை போடப்பட்டிருக்கிறது.

அவ்வளவு கூர்மையான காது உள்ள யானைக்கு ரயில் வருவது தெரியாதா?

தெரியும். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதுதான் பிடிபடாது. மண்ணை வெட்டிப் பள்ளமாகப் பாதை போன இடங்களில், ரயில்வேக்காரர்கள் கட்டிங் என்பார்களே, அங்கே சத்தம் இரண்டு சுவரிலும் மோதித் திசை தெரியாமல் போகிறது. வளைவில் எஞ்சின் திரும்பும்வரை மேடு சத்தத்தை மறைத்துக்கொள்ளும். மின்சார எஞ்சின் டீசல் எஞ்சின் போலத் தொலைவிலிருந்தே உறுமிக்கொண்டு வருவதும் இல்லை.

அடுத்தது கண். மங்கிய வெளிச்சத்தில் யானைக்குப் பார்வை நன்றாக இருக்கும். எஞ்சினின் முகப்பு விளக்கு நேராக அடிக்கும்போது அந்தக் கண் கூசிப்போய் யானை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இல்லையென்றால் தண்டவாளத்தின் மீதே முன்னோக்கி ஓடும். சமதளமான பாதை அது ஒன்றுதான், பக்கவாட்டில் ஏறவோ இறங்கவோ சரிவு விடுவதில்லை. யானையால் தாவ முடியாது, நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழாது.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் குட்டி. ஜல்லிமேட்டில் கால் சறுக்கிக் குட்டி தடுமாறினால் தாயும் சித்திகளும் அதைச் சுற்றி நின்றுகொள்ளும். ரயில் வந்தாலும் விலகாது. 2010 செப்டம்பரில் மேற்கு வங்கத்தின் பனார்ஹாட் அருகே ஒரே சரக்கு ரயிலில் 7 யானைகள் இறந்தது இப்படித் தண்டவாளத்தில் கூடி நின்றபோதுதான்.

ஓட்டுநர் பிரேக் போட்டால் ரயில் நிற்காதா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். இருட்டில் எஞ்சின் விளக்கில் தடங்கல் கண்ணுக்குத் தெரியும் தூரம் சுமார் 240 மீட்டர். நேரான பாதை, மழையோ பனியோ இல்லாத இரவு என்று வைத்துக்கொண்டால்தான் இதுவும்.

100 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 28 மீட்டர். கண்டு, புரிந்து, கைப்பிடியை இழுக்க 3 வினாடி ஆனால் 83 மீட்டர் போய்விடும். காற்று பிரேக் கடைசிப் பெட்டி வரை பிடிக்க இன்னொரு 80 மீட்டர். அதற்குப் பிறகு முழு பிரேக்கில் ஓடி நிற்க 640 மீட்டர். ஆகமொத்தம் 800 மீட்டர். யானை தெரிவது 240-ல்.

50 கி.மீ. வேகத்தில் அதே கணக்கு சுமார் 245 மீட்டர் வரும், கிட்டத்தட்ட விளக்கு எட்டும் தூரம். 45 கி.மீ. என்றால் 205 மீட்டர், அதாவது 35 மீட்டர் மிச்சம். யானை நடமாடும் இடங்களில் இரவு வேகக் கட்டுப்பாடு 45, 50 என்று வைப்பதற்கு இதுதான் காரணம். 60 என்று வைத்தால் பெயருக்குக் கட்டுப்பாடு, யானைக்குப் பயன் இல்லை.

நம் பாதைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதி. தெற்கே வருகிற வண்டி மொத்தத்தில் இறக்கத்தில் வருகிறது. 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் மேலே சொன்ன 640 மீட்டர் 770 ஆகும். பாரம் ஏற்றிய சரக்கு வண்டிக்கு இன்னும் அதிகம். மார்கழி, தையில் ஓசூர் மேட்டில் விடியற்காலைப் பனி இறங்கினால் 240 மீட்டர் என்பதே இல்லை. ஆகவே ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. யானை அவர் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

வேகத்தைக் குறைத்தால் ரயில் எல்லாம் தாமதமாகாதா?

முழுப் பாதையிலும் குறைக்க வேண்டியதில்லை. யானைத் தடம் குறுக்கிடும் துண்டுகளில் மட்டும், மாலை 6 முதல் காலை 6 வரை, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை என்று வைத்தாலே பெரும்பகுதி ஆபத்து தீரும். 5 கி.மீ. துண்டை 100-ல் கடக்க 3 நிமிடம், 50-ல் 6 நிமிடம். வேகம் குறைத்து ஏற்றுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் சேர்த்தால் இழப்பு 5 நிமிடத்துக்குள். இந்த ஐந்து நிமிடம் கால அட்டவணையிலேயே சேர்க்கப்பட வேண்டும். சேர்க்காவிட்டால் தாமதத்தை ஈடுகட்டச் சொல்லும் நெருக்கடி ரயிலை ஓட்டும் லோகோ பைலட் தலையில் விழும், கட்டுப்பாடு காகிதத்தோடு நின்றுவிடும்.

யானையைப் பாதையருகே பார்த்துவிட்டேன். யாரிடம், என்ன சொல்ல வேண்டும்?

முதல் அழைப்பு உங்கள் ஊருக்கு இரு பக்கமும் உள்ள ரயில் நிலையங்களில் ஒன்றுக்கு. அடுத்த அழைப்பு வனச்சரக அலுவலகத்துக்கு. நிலையத்துக்கு லைன் கிடைக்காவிட்டால் ரயில்வே உதவி எண் 139. நிலையத்து எண்ணையும் வனவர் எண்ணையும் பகலிலேயே நேரில் போய்க் கேட்டு வாங்கிப் போனில் ஏற்றி வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எண் தேடுகிற நேரத்தில் ரயில் வந்துவிடும்.

“எங்க கொல்லைப்பக்கம் ஆனை நிக்குது” என்றால் நிலைய அதிகாரிக்கு எதுவும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது கம்ப எண். மின்கம்பி தாங்கும் இரும்புக் கம்பம் ஒவ்வொன்றிலும் இரண்டு எண் எழுதியிருக்கும். ஒன்று கிலோமீட்டர், இன்னொன்று அந்தக் கிலோமீட்டருக்குள் அது எத்தனையாவது கம்பம் என்பது. உதாரணமாக 152, அதன் கீழ் 14 என்றிருந்தால் 152-ஆவது கிலோமீட்டரில் 14-ஆம் கம்பம். உங்கள் நிலத்துக்கு நேரே இருக்கும் கம்பத்தின் எண்ணைக் கிணற்று மோட்டார் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். செலவில்லாத வேலை, இதைவிடப் பயனுள்ள வேலை வேறு இல்லை.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “சார், 152-ஆவது கிலோமீட்டர், 14-ஆம் கம்பம். ஆறு ஆனை, ரெண்டு குட்டி. மேற்கே இருந்து தண்டவாளத்தைப் பாத்து வருது, நூறு மீட்டர் தள்ளி இருக்கு. மணி 9.40.” எண்ணிக்கை, குட்டி, திசை, தூரம், நேரம். எல்லாம் தாண்டிப் போனபின் மறுபடியும் கூப்பிட்டு “தாண்டிடுச்சு” என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டு, அரைமணி நேரம் வண்டிகள் வீணாக நின்றால், அடுத்த முறை உங்கள் சேதிக்கு மதிப்புக் குறையும்.

சேதி சொன்னபின் ரயில்வேயில் என்ன நடக்கும்?

ஓசூரிலிருந்து ஓமலூர் வரை ஒற்றைப் பாதை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்க முடியும். இது யானைக்குச் சாதகம். ரயில் இன்னும் நிலையத்தை விட்டுக் கிளம்பவில்லை என்றால், நிலைய அதிகாரி அதை நிறுத்தி லோகோ பைலட்டிடம் காஷன் ஆர்டர் தருவார்: எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, எவ்வளவு வேகம் என்று எழுதிய தாள். ரயில் ஏற்கெனவே நடுவழியில் இருந்தால் வாக்கி டாக்கி, கைப்பேசி, கன்ட்ரோல் அறை ஆகியவைதான் வழி.

இங்கேதான் பெரும்பாலும் சங்கிலி அறுகிறது. வனத்துறை வாக்கி டாக்கியும் ரயில்வே வாக்கி டாக்கியும் வேறு வேறு அலைவரிசை, ஒன்றோடொன்று பேசாது. காட்டோரக் கட்டிங்குகளில் கைப்பேசிக்கு டவர் கிடைக்காது. யானை வரும் சீசனில் வனப் பணியாளர் ஒருவர் தன் வாக்கி டாக்கியோடு நிலையத்திலேயே இரவு உட்கார்ந்திருந்தால் இந்த இடைவெளி அடைபடும். எந்தக் கருவி வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

ரயில் கண்ணில் தெரிகிறது, யாரும் போன் எடுக்கவில்லை. நானே நிறுத்தலாமா?

தண்டவாளத்தின் மேல் ஏறாதீர்கள். யானையும் ரயிலும் இருக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு மனித உயிர் வேண்டாம். பாதைக்கு வெளியே, ரயில் வரும் திசையில் முடிந்தவரை முன்னால் போய், டார்ச்சை உடம்புக்குக் குறுக்காக இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். சிவப்பு விளக்கு இல்லாதபோது வெள்ளை விளக்கை இப்படி ஆட்டுவது ரயில்வே விதிப்படி ‘நில்’ என்ற சைகை. பகலில் சிவப்புத் துணி. யானைக்குப் பக்கத்தில் நின்று ஆட்டிப் பயனில்லை, மேலே சொன்ன 800 மீட்டரை நினைவில் வையுங்கள்.

கேட் கீப்பர்களிடமும் கீமேன்களிடமும் டெட்டனேட்டர் உண்டு, தண்டவாளத்தின் மேல் வைக்கும் சிறு வெடி அது. அகலப் பாதையில் தடங்கலிலிருந்து 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்பது விதி. சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். அந்தச் சத்தத்தில் யானைகள் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வையுங்கள்.

ராகியிலிருந்து யானையை விரட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டிய கேள்வி இது. தானாக நடந்து கடக்கிற யானை பெரும்பாலும் தண்டவாளத்தில் நிற்காது. பின்னால் வெடியும் கூச்சலும் துரத்த, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓடிவரும் கூட்டம்தான் குட்டியைத் தவறவிட்டுக் கட்டிங்கில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

விரட்டும் முன் முடிக்க வேண்டியவை சில உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே எத்தனை யானை, குட்டி உண்டா, தனி ஆண் பின்தங்கி வருகிறதா என்று எண்ணிவிடுங்கள். கூட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே தண்டவாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வனத்துறை ஆள் வராமல் தொடங்காதீர்கள். வனவர் வழியாக இரு பக்க நிலைய அதிகாரிகளிடமும் பேசி, நடுவே ரயில் இல்லாத இடைவெளி எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டியோடு உள்ள கூட்டம் அமைதியாக நடந்தால் மணிக்கு 3, 4 கி.மீ.தான் போகும். ஒரு கி.மீ. தள்ளி நிற்கும் கூட்டத்துக்கு 20 நிமிடம் நடை, கடக்க 10 நிமிடம், பின்தங்குகிறவற்றுக்கு இன்னொரு 15 நிமிடம். ஆக 45 நிமிட இடைவெளி இல்லையென்றால் அன்றைக்கு விரட்டாமல், அது நிற்கிற வயலைச் சுற்றிக் காவல் மட்டும் போடுவது நல்லது. ஒரு வயல் போகும், அந்த இழப்பின் வலி எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வயலுக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

விரட்டும்போது பின்னால் அரைவட்டமாக நில்லுங்கள், காட்டுப் பக்கம் முழுவதும் திறந்திருக்கட்டும். எதிர்ப்பக்கத்து ஊர்க்காரர்கள் “எங்க பக்கம் வரக்கூடாது” என்று தண்டவாளத்தின் மறுகரையில் தீப்பந்தத்தோடு நிற்பது மிக ஆபத்தான தப்பு. இரண்டு பக்கமும் அடைபட்ட யானை தண்டவாளத்தின் மேலேயே வடக்கும் தெற்குமாக ஓடும். இரு ஊரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு இது. டிராக்டர் விளக்கை யானையின் முகத்தில் அடிக்காதீர்கள். தண்டவாளத்துக்கு 200 மீட்டருக்குள் வெடி வேண்டாம். கடந்தவற்றை எண்ணுங்கள், மாலையில் எண்ணிய கணக்கு நேராகும்வரை ‘தாண்டிடுச்சு’ என்று சொல்லாதீர்கள்.

பனி இறங்கிய விடியற்காலையில் எந்தக் காரணத்துக்கும் விரட்டக் கூடாது.

பாதையோரச் செடிகளை வெட்டினால் போதுமா?

எங்கே, எவ்வளவு, எப்போது வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. நேரான பாதையில் வெட்டுவதால் பெரிய மாற்றம் இல்லை. வளைவின் உள்பக்கம்தான் பார்வையை மறைக்கிறது. ரயில்வே கணக்கில் வளைவின் டிகிரியால் 1,750-ஐ வகுத்தால் ஆரம் மீட்டரில் வரும். 4 டிகிரி வளைவுக்கு ஆரம் சுமார் 437 மீட்டர். அந்த வளைவில் 240 மீட்டர் தள்ளித் தெரிய வேண்டுமானால், பாதையின் நடுக்கோட்டிலிருந்து உள்பக்கமாக 16.5 மீட்டர் வரை மறைப்பு இருக்கக் கூடாது. 2 டிகிரி வளைவுக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் ஐந்து மீட்டர் என்று ஒரே அளவில் வெட்டிவிட்டுப் போவது ஆள் கூலிக்குக் கணக்குக் காட்ட உதவும், வளைவில் வரும் ஓட்டுநருக்கு உதவாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் வெட்டினால் மூன்று வாரத்தில் இளம்புல் துளிர்க்கும். யானைக்கு அதைவிட ருசியான தீனி இல்லை, தண்டவாளத்தோரமே வந்து மேயும். செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என்று இரண்டு தடவை வெட்ட வேண்டும். உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் மேலே வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் தழையும், வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிய தழையை அங்கேயே குவிக்காதீர்கள். மூங்கிலையும் அத்தி, ஆல் வகை மரங்களையும் பாதையோரம் நடவே வேண்டாம்.

கட்டிங்கிலும் மேட்டிலும் என்ன செய்யலாம்?

யானை வழக்கமாக இறங்கும் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சாணம், மரத்தில் உரசிய சேற்றுத் தடம், சரிவில் உட்கார்ந்து சறுக்கிய வழுக்குத் தடம் ஆகியவை காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் இரு பக்கச் சரிவையும் வெட்டிச் சாய்க்க வேண்டும்: ஒரு மீட்டர் உயரத்துக்கு 4 மீட்டர் நீளம் என்ற கணக்கில் சாய்த்தால் குட்டியும் ஏறும். அகலம் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது, கூட்டம் ஒருவர் பின் ஒருவராக நின்றால் கடக்கும் நேரம் கூடிவிடும்.

இரண்டு சரிவும் நேருக்கு நேர் அமைய வேண்டும். ஒரு பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டால் இறங்க வழி இருக்கும், ஏற வழி இருக்காது. அதைவிடச் சாய்க்காமலே விட்டிருக்கலாம். மழைக்குப் பிறகு மண் கரைந்து விளிம்பு செங்குத்தாகிவிடும், ஆகவே ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கட்டிங்கின் ஓரக் கால்வாயில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், அதுவே குடிதண்ணீர்த் துறையாகிவிடும்.

ஹரித்துவார் – டேராடூன் பாதை ராஜாஜி காட்டைக் கடக்கும் துண்டில் 1987-லிருந்து பதினைந்து ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. 2002-லிருந்து இரவு நடைரோந்து, சரிவு சாய்த்தல், வளைவில் செடி அகற்றல், உணவுக் கழிவு அகற்றல், காட்டுக்குள் தண்ணீர்க் குட்டை என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததில் அங்கே சாவு பல ஆண்டுகள் அற்றுப்போனது. கணினி எதுவும் இல்லாமல் செய்த வேலை அது.

இரண்டு பக்கமும் வேலி போட்டுவிட்டால்?

கடக்க வழி விடாத வேலி யானையைத் தடுக்காது, அது நுழையும் இடத்தை மாற்றும், அவ்வளவுதான். வேலி முடிகிற முனையில் சுற்றிக்கொண்டு பாதைக்குள் வந்துவிட்டால் அங்கிருந்து வெளியேற முடியாமல் வேலிக்கு நடுவே நீளமாக ஓடும். ரயிலுக்கு அதைவிடத் தோதான பொறி வேறில்லை. சுரங்கவழியையோ சரிவையோ நோக்கி யானையைத் திருப்பிவிட, அதன் இரு பக்கமும் கொஞ்ச தூரம் மட்டும் போடும் வேலி பயன் தரும்.

வயலுக்குப் போடும் மின்வேலிக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு?

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. மின்கம்பியிலிருந்து நேராக மின்சாரம் பாய்ச்சிய வேலி கொலைக் கருவி, அதைப் பற்றி வேறு பேச்சே இல்லை. முறைப்படி பதிவு செய்த சூரிய மின்வேலி கொல்லாது. ஆனால் அதைக்கூடப் பாதையை ஒட்டிப் போட்டால், அதிர்ச்சி வாங்கிய யானை திரும்பித் தண்டவாளத்தின் மேல்தான் விழும். பாதை எல்லையிலிருந்து குறைந்தது 30, 40 மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள், யானை திரும்பி நிற்க இடம் கிடைக்கும்.

யானைக்கென்று சுரங்கவழி கட்டினால் அதில் போகுமா?

போகும், சரியான இடத்தில் சரியான அளவில் கட்டினால். தும்பிக்கையைத் தூக்கினால் ஆண் யானை ஐந்து மீட்டருக்கு மேல் எட்டும். ஆகவே 6 மீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும், 8 இருந்தால் தயங்காது. மறுமுனையில் வானமும் மரமும் தெரிய வேண்டும். தரை மண்ணாக இருக்க வேண்டும், சிமென்ட் போட்டுத் தண்ணீர் தேங்கினால் தவிர்க்கும். உள்ளே விளக்கு, டூ-வீலர், ஆட்டுப்பட்டி எதுவும் கூடாது. கிராமத்துக்காரர்கள் வண்டிப்பாதையாக்கிவிட்ட சுரங்கவழியில் யானை இறங்காது.

கோவை மதுக்கரைப் பக்கம், எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவே, இப்படி இரண்டு சுரங்கவழிகள் கட்டப்பட்டன. 2021 நவம்பர் 26-ஆம் தேதி இரவு மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்த பகுதி அது.

செயற்கை நுண்ணறிவுக் கேமரா, தேனீச் சத்தம், கண்ணாடி இழைக் கம்பி என்கிறார்களே, எது பயன்படும்?

அதே மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் ரூ.7.24 கோடிச் செலவில் 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் வைக்கப்பட்டன. இருட்டிலும் யானையின் உடல் சூட்டைக் கண்டு, கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி தரும். மலையடிவாரத்தில் நெருக்கமாகக் கடக்கும் சில கிலோமீட்டருக்கு இது பொருத்தம். நம் பக்கம் கடக்கும் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறவும் செய்கின்றன. கோபுரம் நட்ட இடத்திலேயே யானை கடக்கும் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பொருத்தம் இழைக் கம்பி முறை. பாதையோரம் புதைத்த கண்ணாடி இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பினால், தரையின் அதிர்வு எங்கே என்பது திரும்பி வரும் ஒளியில் தெரியும். யானை நடையின் அதிர்வு மாட்டு நடையிலிருந்து வேறுபடும். வடகிழக்கு எல்லை ரயில்வே 2022-ல் மேற்கு வங்கத்தின் டூவார்ஸ் பகுதியிலும் அசாமிலும் இதைச் சோதித்தது. ‘கஜராஜ்’ என்று பெயர் வைத்து நாட்டில் சுமார் 700 கி.மீ.க்கு விரிவாக்க 2023-ல் திட்டம் அறிவிக்கப்பட்டது. கனமழையும் பாதையோரம் ஓடும் டிராக்டரும் பொய் எச்சரிக்கை தரும். பொய் எச்சரிக்கை கூடினால் நிலையத்தில் மணியை அணைத்துவிடுவார்கள். ஆகவே இயந்திரத்தை நம் மண்ணுக்கும் நம் பயிர்க் காலத்துக்கும் பழக்க ஒரு சீசனாவது வேண்டும்.

தேனீ ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் போடும் முறை 2017-ல் குவாஹாத்திப் பக்கம் தொடங்கியது, சுமார் 600 மீட்டருக்குக் கேட்கும். ரயில் வரும் சில நிமிடம் மட்டும் லெவல் கிராசிங்கில் ஒலிக்கவிட்டால் பயன் உண்டு. இரவெல்லாம் ஓடவிட்டால் கொட்டாத தேனீ என்று யானை புரிந்துகொள்ளும்.

லோகோ பைலட் என்ன செய்யலாம்?

காஷன் துண்டு தொடங்கும் முன்பே, தொலைவிலிருந்தே ஹாரனை விட்டுவிட்டு அடியுங்கள். யானை தெரிந்தபின் பக்கத்தில் போய் நீளமாக அடித்தால் மிரண்டு முன்னால் ஓடும். நிறுத்த முடிந்தால் தள்ளியே நிறுத்தி, முகப்பு விளக்கை மங்கச் செய்துவிட்டுக் காத்திருங்கள். ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள், அடுத்தது இருட்டில் நிற்கும். கார்டிடமும் அடுத்த நிலையத்திடமும் கம்ப எண்ணோடு சொல்லுங்கள், எதிரே வரும் வண்டிக்கு அதுதான் காப்பு.

பயணி செய்யக்கூடியது?

சாப்பிட்ட மிச்சத்தையும் பழத்தோலையும் ஜன்னல் வழியே போடாதீர்கள். யானைக்கு மோப்பம் கி.மீ. கணக்கில் எட்டும். யானைக்காக வண்டி நின்றால் கீழே இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

இரட்டைப் பாதை வந்தால் நிலைமை என்ன ஆகும்?

கவனிக்காவிட்டால் மோசமாகும். கடக்கும் தூரம் கூடும், ஒரு ரயிலுக்கு ஒதுங்குகிற யானை பக்கத்துப் பாதையில் வரும் ரயிலுக்கு முன்னால் போய் நிற்கும். ஒற்றைப் பாதையின் ‘ஒரு நேரத்தில் ஒரு ரயில்’ என்ற காப்பும் போய்விடும். மேற்கு வங்கத்தின் சிலிகுரி – அலிப்பூர்துவார் பாதை அகலப்பாதையாக மாறி வண்டிகளும் வேகமும் கூடியபின் யானைச் சாவு கூடியதை நாடே பார்த்தது. பெங்களூர் – ஓசூர் இரட்டைப் பாதை வேலை நடக்கிறது. அதற்குத் தெற்கே எப்போது நீண்டாலும், மண்வேலை தொடங்கும் முன்பே யானை கடக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துச் சுரங்கவழியைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். ஓடும் பாதைக்கு அடியில் பின்னால் குடைவதற்குச் செலவும் கூடும், ரயில்களையும் நிறுத்த வேண்டிவரும்.

யானை அடிபட்டுவிட்டது. என்ன செய்வது?

முதலில் நிலையத்துக்குச் சொல்லி இரு பக்கமும் ரயில்களை நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டம் பக்கத்திலேயே நிற்கும், திரும்பி வரும், இரண்டாவது ரயில் இரண்டாவது யானையை அடிக்கக்கூடும். அடிபட்ட யானை உயிரோடு இருந்தால் 100 மீட்டருக்குள் யாரும் போகாதீர்கள், தண்ணீர் ஊற்ற முயலாதீர்கள், டார்ச்சை அணையுங்கள். கால்நடை மருத்துவர் மயக்க மருந்தோடு வரும்வரை அமைதிதான் அதற்கு மருந்து. இறந்திருந்தால் தந்தத்தையோ வால்முடியையோ யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது, தொட்டாலே வழக்கு வரும். ரயில் வந்த நேரம், கம்ப எண், ஹாரன் கேட்டதா, அன்றிரவு யாராவது விரட்டினார்களா என்பதை மறக்கும் முன் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் வேகக் கட்டுப்பாட்டை எந்தக் கம்பத்திலிருந்து போடுவது என்று முடிவுசெய்ய அந்தத் தாள் வேண்டும்.

குட்டி மட்டும் தனியாகத் தண்டவாளத்தோரம் நிற்கிறது.

தொடாதீர்கள், பால் கொடுக்காதீர்கள், ஊருக்குள் ஓட்டிவராதீர்கள். பெரும்பாலும் தாய் முந்நூறு, நானூறு மீட்டருக்குள் இருட்டில் நிற்கும். ஆள் விலகினால் வந்து கூட்டிப்போகும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: நிலையத்துக்குக் கம்ப எண் சொல்வது, வனக்காப்பாளர் வரும்வரை ஊர்க்கூட்டமும் நாய்களும் சேராமல் தடுப்பது. குட்டி தண்டவாளத்திலேயே படுத்துவிட்டால் வனத்துறை ஆட்கள் வந்து எழுப்பும்வரை அந்தத் துண்டில் ரயில் விட வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள்.